கேற்றடிப் பலகையும் சோழகக் காற்றும்

1. நான் நட்ட பலகை

அந்தப் பலகையை நட்டவன் நான்தான். பச்சை நிறம், வெள்ளை எழுத்து, மூன்று மொழி: ‘அவசரகால ஒன்றுகூடுமிடம்’. இரண்டடி ஆழத்தில் குழி தோண்டி, சீமெந்துக் கலவை போட்டு, மட்டம் வைத்துப் பார்த்து நட்டேன். சூறாவளி வந்தாலும் இது அசையாது என்று மேசனிடம் பெருமையாகச் சொன்னேன். அது உண்மைதான். அசையாமல் நின்றதுதான் பிறகு பிரச்சினையாயிற்று.

முப்பத்தொரு ஆண்டுகள் கொழும்பில் தொழிற்சாலைப் பாதுகாப்பு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்து படித்தது யாழ்ப்பாணம். மன்னார்ப் பக்கம் அதுவரை திருவிழாவுக்கு மட்டுமே வந்திருந்தேன். போர் முடிந்து, சனம் முகாம்களிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். விடத்தல்தீவுக்குப் பக்கத்தில், கடற்கரையோடு ஓர் ஐஸ் தொழிற்சாலை புதிதாகத் தொடங்கியிருந்தது. அதோடு ஒட்டி ஒரு நண்டு அறை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள், பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பதாகக் காகிதத்தில் காட்டச் சொன்னார்கள். அந்தக் காகிதம்தான் நான்.

ஐஸ் உறைய வைப்பது அமோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும், கொஞ்சம் கூடினால் ஆளை முடித்துவிடும். ஆகவே முதல் வேலையாக, வாயு கசிந்தால் ஆட்கள் எங்கே ஓடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காற்று வரும் பக்கம் ஓட வேண்டும் என்பது விதி. நான் வந்தது தை மாதம். சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சித் துணியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. வாசல் கேற்றும் வடகிழக்கு மூலையில்தான் இருந்தது. பலகையை அங்கேயே நட்டேன். படிவத்தில் ‘காற்றுத் திசை’ என்ற கட்டத்தில் ‘வடகிழக்கு’ என்று மைப்பேனாவால் எழுதினேன். காற்றையும் ஒரு நிரந்தர ஊழியராகப் பதிவு செய்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒன்றுகூடியதும் பெயர் கூப்பிடப்படும், கூப்பிட்டு முடியும்வரை ஒருவரும் அசையக் கூடாது என்று எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்தக் கரையில் பலகைக்குக் கீழ்ப்படியச் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் வேலிக்குத் தெற்கே கிடந்த பற்றைக்காடு முழுக்க ஒருகாலத்தில் மண்டையோட்டுப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து வேலையை முடித்து, பலகைகளைப் பிடுங்கி, சான்றிதழும் தந்துவிட்டுப் போனார்கள். சிவப்புப் பூசிய கட்டைகள் சில மட்டும் மிச்சம் நின்றன. அது போதும். கடற்கரைக்குக் குறுக்குவழி அந்தப் பற்றைக்குள்ளால்தான். ஆனால் ஆடுகூட அதற்குள் போகாது. சனம் வீதியால் அரை மைல் சுற்றிப் போகும்.

2. எட்டாம் நம்பர் பூட்ஸ்

நண்டு அறையில் செல்வராணி என்றொரு பெண். நாற்பது வயதிருக்கும். சின்னப் பிள்ளையாகப் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் பக்கத்து முகாமில் வளர்ந்து, அங்கே ஓர் ஐஸ் தொழிற்சாலையிலும் வேலை செய்து, புருஷனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். தகரக் கொட்டில் வீடு. வருமானம் இந்த வேலை மட்டும். மற்றவர்கள் என்னை ‘சேப்டி ஐயா’ என்பார்கள். இவள் ‘சார்’ என்பாள். அவளுடைய பேச்சைக் கேட்டு மற்றப் பெண்கள் ‘இந்தியாக்காரி’ என்று பகிடி பண்ணுவார்கள். “ஆமா, அங்க போனா சிலோன்காரி, இங்க வந்தா இந்தியாக்காரி. நடுக்கடல்ல ஒரு வீடு கட்டிக் குடுங்க” என்பாள்.

நண்டு மேசைகள் முப்பத்தெட்டு அங்குல உயரம். பெண்களில் பாதிப் பேர் ஐந்தடியைத் தொடாதவர்கள். வெறும் மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, எட்டு மணித்தியாலம் நண்டு உடைத்தார்கள். நான் தச்சரைக் கூப்பிட்டுக் கால்களில் ஐந்து அங்குலம் அறுக்கச் சொன்னேன். மனேஜர் கொழும்புப் பொடியன். என்னை ‘அங்கிள்’ என்பார். அந்த உறவுமுறை எனக்குப் பிடிக்கவில்லை.

“அங்கிள், புது மேசை. அறுக்கத்தான் வேணுமா?”

“மேசையை அறுக்கலாம், அல்லாட்டி ஆட்களை நீட்டலாம். எது சுகம் எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

மேசை அறுபட்டது. பூட்ஸ் விஷயத்தில் நான் அவ்வளவு கெட்டித்தனமாக நடக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த றப்பர் பூட்ஸ் எல்லாம் ஆம்பிளைகளுக்கு அளவான எட்டாம் நம்பர். செல்வராணியின் கால் நாலாம் நம்பர். ஈரத் தரையில் அந்தப் பூட்ஸ் அவளை ஒரு பக்கம் இழுக்க, அவள் இன்னொரு பக்கம் போனாள். கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். விதி விதிதானே. ‘பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை’ என்று நான் அறிக்கை எழுத, மனேஜர் அவளுக்கு முதலாவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இரண்டாவது கடிதத்தோடு வேலை போகும் என்பது நிறுவனத்தின் ஒழுங்கு.

நாலாம் நம்பர் பூட்ஸ் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நண்டு அறையின் பின்கதவைப் பூட்டக்கூடாது என்று எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அந்தக் கதவு கடல் பக்கம், இறங்குதுறைக்குத் திறப்பது. நண்டு களவு போகுமென்று மனேஜர் வெளியிலே ஆமைப்பூட்டுப் போட்டு, அதன் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். வள்ளம் வந்து நண்டு இறக்கும்போது மட்டும் திறக்கப்படும்.

3. ஒத்திகை

ஆனி மாதத்தில் ஓர் ஒத்திகை வைத்தேன். மணி அடித்ததும் எல்லோரும் கேற்றடிக்கு ஓடி வந்தார்கள். நான் பெயர் இடாப்பும் மணிக்கூடும் கையுமாகப் பலகைக்குக் கீழே நின்றேன். இரண்டு நிமிடம் பத்துச் செக்கன். கொழும்பிலும் கண்டிராத வேகம். பெயர் கூப்பிட்டால் நான்கு பேர் குறைவு. தேடிப் போனால், செல்வராணியும் மூன்று பெண்களும் பின்கதவால் போய் இறங்குதுறையில் நிற்கிறார்கள். அன்றைக்கு வள்ளம் வந்திருந்தபடியால் கதவு திறந்து கிடந்தது.

“பிள்ளை, ஒண்டுகூடுற இடம் எது?”

“கேட்டு பக்கம் சார்.”

“பின்னை ஏன் இஞ்ச?”

“காத்து மாறிடுச்சு சார். இப்ப கடல்லேந்துதான் அடிக்குது. கேஸ் வந்தா நேரா உங்க போர்டுக்குத்தான் போகும்.”

“இது ஒத்திகை. இதில கேஸ் இல்லை.”

“கேஸ் இல்லேன்னா எதுக்கு சார் ஓடணும்?”

அந்த மூன்று பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அனுபவம் அவளுடைய வயதைவிட ஒன்பது ஆண்டுகள்தான் குறைவு. அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்து ஒரு தரம் உயர்த்திப் பிடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, ‘ஒத்திகையில் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை, பிறரையும் திசைதிருப்பினார்’ என்று எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன்.

மனேஜர் சந்தோஷப்பட்டார். “சரி அங்கிள், ரெண்டாவது கடிதம் டைப் பண்ணி வையுங்க. வெள்ளிக்கிழமை சைன் பண்ணிக் குடுப்போம்.” செய்தி அன்று பின்னேரமே நண்டு அறை முழுக்கப் பரவியது.  அடுத்த நாள் செல்வராணி எட்டாம் நம்பர் பூட்ஸுக்குள் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கடிதம் என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

4. வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மனேஜர் மன்னார் நகரத்துக்குப் போயிருந்தார். நான் கந்தோரில் கதிரையில் இருந்து படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, பெரிய சக்கரத்துக்குக் காற்றுப் போவது போல நிற்காத சீறல். கம்பிரசர் அறையில் ஒரு வால்வை அடைத்திருந்த பக்கிங் பிய்ந்துவிட்டது. மூக்குக்குள் ஊசி குத்தினதுபோல மணம். நான் மணியை அடித்தேன்.

அடித்துவிட்டு இடாப்பை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஐஸ் தூக்குகிற ஆட்களும் நண்டு அறையின் முன்கதவால் வெளியேறிய சில பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்து, பலகைக்குக் கீழே இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒத்திகையில் நின்றதைவிட ஒழுங்கான வரிசை. நான் பெயர் கூப்பிடத் தொடங்கினேன்.

நான்காவது பெயரில் எனக்கு இருமல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கம்பிரசர் அறையிலிருந்து வெள்ளையாக ஒரு புகை, நிலத்தோடு நிலமாக, நேரே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முகத்தில் கடல் காற்று அடித்தது. சோழகம். வைகாசியிலிருந்து அந்தத் தென்மேற்குக் காற்று அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. மீன்பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். படிவத்துக்கு மட்டும் தெரியாது.

“எல்லாரும் இஞ்சயிருந்து வெளிக்கிடுங்கோ” என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற பிலோமினா என்ற பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்: “பேர் கூப்பிட்டு முடியேல்லையே ஐயா. பிறகு எங்களுக்கும் கடிதம் தருவியள்.”

எந்த மேலதிகாரியும் முப்பத்தொரு ஆண்டுகளில் என்னை அப்படி அடித்ததில்லை. பலகைமீது நம்பிக்கை வைத்து அவர்கள் அங்கே வரவில்லை. லாச்சிக்குள் இருந்த கடிதத்துக்குப் பயந்து வந்து நின்றார்கள்.

இடாப்பை நிலத்தில் போட்டேன். வீதிப் பக்கம் ஓடினால் புகையும் கூடவே வரும். குறுக்காக, தெற்கு வேலி ஓரமாகப் பற்றைக்குள் இறங்கினால் மட்டுமே தப்பலாம். “இந்தப் பக்கம்” என்றேன். சிவப்புக் கட்டைகளைப் பார்த்துப் பன்னிரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

“ஐயா, அது வெடிக் காணி.”

“அகற்றி முடிஞ்சுது. சேட்டிபிக்கட் ஃபைலில இருக்கு.”

“ஃபைல் முன்னால நடந்து காட்டுமோ?” ஐஸ் தூக்குகிற ஒருவன் இருமிக்கொண்டே கேட்டான்.

நியாயமான கேள்வி. அந்தச் சான்றிதழை நான் மூன்று தரம் வாசித்திருந்தேன். இலக்கம், வரைபடம், கையொப்பம் எல்லாம் சரி. ஆனால் காகிதத்தைச் சரிபார்ப்பது ஒன்று, அதன்மேல் காலை வைப்பது இன்னொன்று. நான் முதலாவது கட்டையைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். நெஞ்சு அடித்த அடியில் சீறல் சத்தம்கூடக் கேட்கவில்லை. பத்து யார் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பிலோமினா என் காலடி பட்ட இடத்திலேயே தன் காலை வைத்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், ஒருவர் காலடியில் ஒருவர். நூறு யார் தூரத்துக்குப் பிறகு காற்று இனித்தது. வலையை உதறியது போல எல்லோரும் ஓடத் தொடங்கினோம்.

5. இருபது நிமிடம்

கடற்கரையில் ஏறியதும் எண்ணினேன். பன்னிரண்டு. அன்றைய வேலைக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு. மிச்சப் பத்துப் பேரும் எங்கே என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. நண்டு அறையின் பின்கதவை உள்ளேயிருந்து அடிக்கும் சத்தம் கேட்டது. முன்கதவுக்குப் போகிற வழியைப் புகை மூடிவிட்டிருந்தது. இந்தக் கதவில் ஆமைப்பூட்டு. திறப்பு மன்னார் நகரத்தில், ஒரு காற்சட்டைப் பைக்குள்.

இறங்குதுறையில் ஐஸ் கட்டி உடைக்கிற இரும்பு அலவாங்கு ஒன்று எப்போதும் கிடக்கும். வள்ளக்காரர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பூட்டுக்குள் கொடுத்து அவர் நெம்ப, நானும் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். முதல் தரம் அலவாங்கு வழுக்கி என் முழங்கையில் அடித்தது. இரண்டாம் தரம் கொண்டி மரத்தோடு பிய்ந்து வந்தது.

உள்ளே நான் எதிர்பார்த்தது போல ஒருவரும் விழுந்து கிடக்கவில்லை. ஈரமான ஏப்ரனை முகத்தில் கட்டிக்கொண்டு பெண்கள் கதவோரம் குந்தியிருந்தார்கள். முன்கதவு இடுக்கில் ஈரச் சாக்குகள் அடைக்கப்பட்டிருந்தன. ஒருத்தி அந்தச் சாக்குகளுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அமோனியாவைக் குடித்துவிடும். என் பயிற்சிப் புத்தகத்தில் அது ஏழாம் அத்தியாயம். இதையெல்லாம் செய்வித்த செல்வராணி அதை வாசித்தவள் இல்லை. மண்டபம் பக்கத்தில் ஒரு கசிவுக்குள் நின்று படித்தவள்.

“வெளியில வாங்கோ, எல்லாரும் வாங்கோ.”

பெண்கள் ஓடி வந்தார்கள். கடைசியாகச் செல்வராணி, வெறுங்காலோடு, மரியதாஸை இழுத்துக்கொண்டு வந்தாள். மரியதாஸ் கம்பிரசர் இயக்குநர். புகைக்குள் நின்று பெரிய வால்வை மூடிவிட்டு, கண் தெரியாமல் தடவித் தடவி நண்டு அறைக்குள் வந்து விழுந்தவர். அவர் மூடியிராவிட்டால் இந்தக் குறிப்பை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது. அவருடைய இரண்டு கண்ணும் இரத்தமாய்ச் சிவந்திருந்தன.

யாரோ உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். “ஏத்துங்கோ, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம்” என்று எல்லோரும் அவரைத் தூக்க வந்தார்கள். செல்வராணி இறங்குதுறைக் குழாயைத் திறந்து, அவர் தலையை மடியில் சாய்த்து, கண்ணிமையை விரலால் விரித்துப் பிடித்தாள்.

“யாரும் தொடாதீங்க. இப்பயே கொண்டுபோனா வழியிலேயே கண்ணு போயிடும். தண்ணி ஊத்தணும்.”

“எவ்வளவு நேரம்?” என்று ஒருவர் கத்தினார்.

“இருபது நிமிஷம்” என்று அவளும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மணி பாருங்க சார். அதுக்குத்தானே வச்சிருக்கீங்க.”

நான் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்தேன். இரண்டாவது நிமிடத்தில் போதும் என்றார்கள். ஐந்தாவது நிமிடத்தில் என்னைத் திட்டினார்கள். மரியதாஸே “விடடி பிள்ளை, விடு” என்று கையைத் தட்டினார். “அண்ணே, இன்னும் பதினொண்ணு இருக்கு, பேசாம கெடங்க” என்றாள் அவள். நான் ஒவ்வொரு நிமிடமாகச் சத்தம் போட்டு எண்ணினேன். விதி தெரிந்தவன் என்பதில் அன்றைக்கு ஒருமுறைதான் வெட்கப்படாமல் இருந்தேன். இருபதில்தான் ஏற்றினோம். மூன்று கிழமை கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். பார்வை தப்பிப் பிழைத்தது.

6. காரணம் என்ற கட்டம்

பின்னேரம் மனேஜர் வந்தார். முதலில் கண்டது உடைந்த கதவை.

“பூட்டை உடைச்சது யாரு?”

“நான்.”

“அங்கிள், ஒரு ஃபோன் கோல் எடுத்திருந்தா நான் வந்து திறந்திருப்பேனே.”

“நீங்கள் வந்து சேர ஒரு மணித்தியாலம். அமோனியா அவ்வளவு பொறுமைசாலி இல்லை.”

அவர் உட்கார்ந்து, நான் எழுதி வைத்திருந்த விபத்து அறிக்கையை வாசித்தார். ‘மூல காரணம்’ என்ற கட்டத்தில் மூன்று வரி. வால்வு பக்கிங் பழுது. பின்கதவு பூட்டப்பட்டிருந்தமை. ஒன்றுகூடுமிடத்தைப் பருவக்காற்றை விசாரிக்காமல் தீர்மானித்து, அதைச் சுட்டிக்காட்டிய ஊழியருக்கு எதிராக அறிக்கை எழுதிய பாதுகாப்பு அதிகாரி. கீழே என் பெயர், என் கையொப்பம்.

“உங்கட பேரை நீங்களே போட்டா நான் என்ன செய்றது? இதை இப்படியே அனுப்ப ஏலாது.”

“அனுப்பிட்டன். தொழில் கந்தோருக்கு ஒரு பிரதி, தலைமையகத்துக்கு ஒரு பிரதி. உங்கட கையில இருக்கிறது மூண்டாவது. நடைமுறைப்படி மூண்டு.”

அவர் அறிக்கையை மேசையில் வைத்தார். பிறகு, “நாளைக்கு அந்தக் கடிதம்?” என்றார்.

“அதில எழுதியிருக்கிற குற்றத்தால பத்துப் பேர் உயிரோட இருக்கினம். சைன் பண்ணுறதெண்டால் அதையும் ஒரு வரி சேர்த்து டைப் பண்ணித் தாறன்.”

அவர் எழுந்து போனார். போகும்போது அந்தத் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பூட்டு இல்லாத திறப்பு. இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை செல்வராணியைக் கந்தோருக்குக் கூப்பிட்டேன். கடிதம் வாங்கத்தான் என்று நினைத்து, பூட்ஸைக் கழுவிக் கையில் கொண்டு வந்திருந்தாள், திருப்பிக் கொடுக்க. லாச்சியைத் திறந்து தாளை எடுத்து, மறுபக்கத்தைத் திருப்பி அவள் முன்னே வைத்தேன்.

“இருங்கோ பிள்ளை. எந்த மாதம் எந்தக் காத்து எண்டு சொல்லுங்கோ.”

பெண்களையும் வள்ளக்காரரையும் கூப்பிட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். வாடை, சோழகம், கச்சான், கொண்டல். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று கோடு கீறினேன். முடிந்ததும் அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சார், பின்னால என் பேரு தெரியுதே.”

“ஓம். அதுக்காகத்தான் இந்தத் தாளில எழுதினனான். பிழை எங்க இருந்தது எண்டு எனக்கு மறக்கக் கூடாது.”

கூரையில் ஒரு கம்பம் நட்டோம். அதில் காற்றின் திசை காட்ட, பழைய வலைத்துணியால் தைத்த ஒரு குழல் கட்டினோம். இறங்குதுறையில் இரண்டாவது பலகை வந்தது. சிவப்புக் கட்டைகளை நானும் ஐஸ் தூக்குகிறவர்களும் பிடுங்கினோம். இப்போது சனம் அந்தப் பற்றைக்குள்ளால்தான் கடற்கரைக்குப் போகிறது. நாலாம் நம்பர் பூட்ஸும் வந்தது. அதற்கு ஒரு விபத்து தேவைப்பட்டது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதிகளைப் படியுங்கள், மணிக்கூட்டைக் கட்டுங்கள், இரண்டும் உயிர் காக்கும். ஆனால் ஆட்கள் எங்கே ஓடுவது என்று எழுதுமுன், ஓடப் போகிறவர்களைக் கேளுங்கள். கேட்ட பிறகும், காற்றுத் திசை என்ற கட்டத்தைப் பென்சிலால் நிரப்புங்கள்.

அடுத்த தை மாதம் மறுபடியும் ஓர் ஒத்திகை வைத்தேன். மணி அடித்ததும் எல்லோரும் ஒரு கணம் நின்று கூரையைப் பார்த்தார்கள். வலைத்துணிக் குழல் வடகிழக்குக் காற்றில் கடல் பக்கம் நீண்டு நின்றது. வாடை. இருபத்திரண்டு பேரும் கேற்றடிக்கு ஓடி வந்தார்கள். செல்வராணி முதல் ஆளாக வந்து, மூச்சு வாங்க, பலகைக் காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இன்னைக்கு உங்க போர்டு கரெக்டு சார்” என்றாள்.